ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம்: தூக்கப் பிரச்சினை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இந்த மாதிரிப் பிள்ளைகள் ராத்திரியில் தூங்கவே மாட்டார்கள், பழகிக்கொள்ளுங்கள்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படித்தானா?

தூக்கப் பிரச்சினை இவர்களிடம் அதிகம் என்பது உண்மை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சில ஆய்வுகளின்படி 80 சதவீதம் வரை, ஏதாவது ஒரு தூக்கச் சிக்கல் இருக்கிறது. அதற்காக அப்படியே விட்டுவிடலாம் என்று ஆகாது. பல்வலி, மலச்சிக்கல், தூக்கத்தில் மூச்சடைப்பு, இரவு வலிப்பு, இரும்புச்சத்துக் குறைவு என்று கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் பலரிடம் ஒளிந்திருக்கிறது. "ஆட்டிசம் அப்படித்தான்" என்று சொல்லி முடித்தால் அந்தக் காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

தூக்கம் கெட்டால் பகலும் கெடும். கையைக் கடிப்பது, தலையை முட்டுவது, ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது எல்லாம் கூடும். வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பும் கூடும். குழந்தைகள் தூக்கம் போதாமல் இருந்தால் பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்கார மாட்டார்கள், துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள். "பகலில் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறான், தூக்கம் போதும்போல" என்று பல வீடுகளில் தவறாக எண்ணுவது இதனால்தான்.

எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும்?

மற்றப் பிள்ளைகளுக்கான அளவேதான். பகல் தூக்கத்தையும் சேர்த்து 1 முதல் 2 வயதுக்கு 11–14 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்கு 10–13, 6 முதல் 12 வயதுக்கு 9–12, 13 முதல் 18 வயதுக்கு 8–10, பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல்.

டாக்டரிடம் போகும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

இரண்டு வாரக் குறிப்பு. "சரியாகவே தூங்குவதில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டர் தூக்க மருந்து எழுதத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு கோடு போட்டு, மாலை 6 முதல் மறுநாள் மாலை 6 வரை மணிக்கணக்குக் குறித்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், இடையில் எழுந்தது எத்தனை தடவை, எவ்வளவு நேரம், காலையில் எழுந்தது, பகல் தூக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். பள்ளி வேனில் 20 நிமிடம் கண்ணயர்ந்ததும் பகல் தூக்கம்தான், டிரைவரிடமோ ஆயாவிடமோ கேட்டு எழுதுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், மலம் போன நாள், வலிப்பு வந்த நேரம் ஆகியவற்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

14 கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். தூங்கவே நள்ளிரவாகிறது, தூங்கிவிட்டால் காலை 9 வரை நன்றாகத் தூங்குகிறான் என்றால் உடல் கடிகாரம் தள்ளிப்போயிருக்கிறது. தினமும் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவை அலறல் என்றால் அது வேறு, அதைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறது. மலம் போகாத நாட்களில் மட்டும் விழிப்பு என்றால் காரணம் வயிற்றில் இருக்கிறது.

பேச்சு வராத பிள்ளை நடுராத்திரியில் எழுந்து அழுகிறது. என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் வலி என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். வலியைச் சொல்ல முடியாதவர்கள் அதை உடம்பால் காட்டுவார்கள். பகலில் விளையாட்டில் மறந்திருக்கும் வலி படுத்ததும் பெரிதாகத் தெரியும்.

காதிலோ தாடையிலோ அடித்துக்கொண்டால் காதுச் சீழும் சொத்தைப் பல்லும் பார்க்கப்பட வேண்டும். டார்ச் அடித்துக் கடைவாய்ப் பல் வரை பாருங்கள். வயிற்றைக் கட்டில் விளிம்பிலோ தலையணையிலோ அழுத்திக்கொண்டு படுத்தால் மலச்சிக்கல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஜட்டியில் கறை படுவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவார்கள். குடல் அடைத்து, அதன் ஓரமாகக் கசிவதும் அப்படித்தான் இருக்கும். படுத்த அரை மணி நேரத்தில் முதுகை வில்லாக வளைப்பது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, இருமல் ஆகியவை உணவு மேலெழும்பி வருவதன் அடையாளங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது மிக அதிகம். அவர்களுக்கே தசை இறுக்கமும் இடுப்பு மூட்டு விலகுவதும் இரவு வலிக்கு முக்கியக் காரணங்கள். டயப்பர் மாற்றக் காலை விரிக்கும்போது கத்தினால் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். தானாகப் புரள முடியாதவர்களை இரவில் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால் நூல்புழு. இரவில்தான் அது வெளியே வந்து முட்டையிடும். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் போலக் கண்ணுக்கே தெரியும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு இருந்தால் சிரங்கு. அதுவும் ராத்திரியில்தான் கூடும், அதற்கும் வீடே சேர்ந்துதான் வைத்தியம்.

இவற்றில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பழக்கம், அடம் என்ற பக்கம் போக வேண்டும்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். குறட்டை விட்டு நன்றாகத்தான் தூங்குகிறாள். பரிசோதனை தேவையா?

தேவை. குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் இல்லை. டவுன் சிண்ட்ரோமில் முகத்தின் நடுப்பகுதி சிறிதாக இருக்கும், வாய்க்குள் நாக்குக்கு இடம் குறைவு, தொண்டைத் தசைகள் தளர்வாக இருக்கும். டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) கொஞ்சம் வீங்கினாலும் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். தைராய்டு குறைவும் உடல் எடையும் சேர்ந்தால் இன்னும் மோசம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் 4 வயதுக்குள் ஸ்லீப் ஸ்டடி (இரவு முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் கருவிகளால் பதிவு செய்யும் பரிசோதனை) செய்யச் சொல்கிறது. பெற்றோர் கவனித்துச் சொல்வதும் கருவி காட்டுவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பதே காரணம்.

அவள் எப்படிப் படுக்கிறாள் என்று பாருங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி முன்னால் கவிழ்ந்து தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்து முகவாயை மேலே தூக்கித் தூங்குவது, தலை மட்டும் வியர்த்துக் கொட்டுவது எல்லாம் மூச்சுக்கான போராட்டம். விடியற்காலை 4 மணிக்கு மேல் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் வயிறும் தெரியும்படி மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம், அடைப்பும் அப்போதுதான் கூடும். நெஞ்சு உள்வாங்குவதும், சத்தமே இல்லாமல் நின்று பிறகு திடுக்கென்று மூச்சு வாங்குவதும் அதில் பதிவானால் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு அது பெரிய உதவி.

டான்சில், அடினாய்டு எடுத்தால் பலருக்குக் குறையும். ஆனால் டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடைப்பு கொஞ்சமாவது மிச்சமிருக்கும். எனவே குறட்டை நின்றாலும் சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை அவசியம். மயக்க மருந்து கொடுப்பவரிடம் டவுன் சிண்ட்ரோம் என்பதையும் கழுத்து முதுகெலும்பின் மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஸ்லீப் ஸ்டடிக்கு எப்படித் தயார் செய்வது? வயரைத் தொடவே விடமாட்டான்.

முந்தின நாளும் அன்றும் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், வைத்தால் தலையில் ஒட்டும் சென்சார்கள் வழுக்கி விழும். ஷாம்பு போட்டு அலசிக் காயவிட்டு அழைத்துப் போங்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே பேண்ட்எய்டையும் காகித பிளாஸ்திரியையும் முதலில் பொம்மைக்கு, பிறகு உங்களுக்கு, பிறகு அவன் கைக்கு, கன்னத்துக்கு, நெற்றிக்கு என்று ஒட்டிப் பழக்குங்கள். வீட்டுத் தலையணை, போர்வை, வழக்கமான மாத்திரைகள் கூடவே போகட்டும். எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மூக்கு, நெஞ்சு, விரல் சென்சார்களைக் கடைசியாக, அவன் தூங்கிய பிறகு மாட்டச் சொல்லலாம்.

உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால் இரவு முழுக்க விரலில் ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்யும் பரிசோதனை உண்டு. அதில் மோசம் என்று வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகப் போதுமான ஆதாரம் ஆகும். சரியாக இருக்கிறது என்று வந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது, லேசான அடைப்பை அது தவறவிடும்.

சிபாப் மாஸ்க் வாங்கினோம். பிடுங்கி எறிந்துவிட்டான், மூலையில் கிடக்கிறது.

சிபாப் என்பது மூச்சுப்பாதை அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின். தூங்கும்போது சட்டென்று மாட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். முகத்தில் காற்று பீய்ச்சுவதோடு கண்விழிக்கும் பிள்ளைக்கு அதன் பிறகு மாஸ்க்கைப் பார்த்தாலே பயம். பகலில் தொடங்குங்கள். மாஸ்க்கைக் கையில் கொடுப்பது, கன்னத்தில் தொடுவது, பட்டை இல்லாமல் மூக்கில் 10 விநாடி, பிறகு ஒரு நிமிடம், பட்டையோடு டிவி பார்ப்பது, மெஷின் ஓடும் சத்தத்தைத் தனியாகக் கேட்பது, குழாயை மாட்டிக் குறைந்த அழுத்தத்தில் ஐந்து நிமிடம், கடைசியாகப் படுக்கையில். ஒரு படியில் அமைதியாக இருந்தால்தான் அடுத்தது. அழத் தொடங்கும் முன்பே நீங்களாகக் கழற்றிவிட வேண்டும், அழுத பிறகு கழற்றினால் அழுதால் கழறும் என்று பழகிவிடும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். மூக்கின் மேல் சிவந்து புண்ணானால் மாஸ்க் அளவு தப்பு, பட்டையை இறுக்குவது தீர்வல்ல.

ராத்திரியில் திடீரென்று அலறுகிறாள். வலிப்பா, கெட்ட கனவா?

தூக்கப் பயம் என்பது இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில், தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் இரவுக்கு ஒரு தடவை. கண் திறந்திருக்கும், வியர்க்கும், உங்களை அடையாளம் தெரியாது, சில நிமிடங்கள் நீடித்துத் தானாக அடங்கும், காலையில் ஞாபகம் இருக்காது. எழுப்ப முயன்றால் இன்னும் மிரள்வாள். அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு லேசாகத் தட்டி அரைகுறையாக எழுப்பித் தூங்க விடுவதை இரண்டு முதல் நான்கு வாரம் செய்து பார்க்கலாம்.

வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். ஒரே இரவில் பல தடவை, எந்த நேரத்திலும் வரலாம். ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது மாதிரி ஒரே அசைவு இருக்கும்: அதே கை விறைக்கும், அதே பக்கம் தலை திரும்பும். நாக்கைக் கடித்த தடம், படுக்கையில் சிறுநீர், காலையில் காரணமில்லாத அசதி இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். நரம்பியல் மருத்துவரிடம் வீடியோவோடு போங்கள், தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி.தான் (மூளையின் மின்னலைப் பதிவு) இதற்குப் பயன்படும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படுத்ததும் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறான்.

ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம். சாப்பாட்டில் நாலைந்து வகையை மட்டுமே ஏற்கும் ஆட்டிசக் குழந்தைகளிடம் இது சகஜம். ஆய்வகச் சீட்டில் சாதாரண அளவு என்று அச்சாகியிருந்தாலும், அமைதியற்ற கால் பிரச்சினைக்கு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் குறைந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும்.

மருந்தின் அளவை எடை பார்த்து டாக்டர் சொல்வார், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும், பால், டீயோடு கொடுத்தால் சேராது. பாட்டிலைப் பூட்டி வையுங்கள், இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம். தெரபிஸ்ட் தனியாகப் படுக்க வைக்கச் சொல்கிறார்.

தனி அறை கட்டாயம் இல்லை. வெளிநாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதிய அறிவுரையை நம் வீட்டில் அப்படியே திணிக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணயரும் நொடியில் பிள்ளைக்கு என்ன தேவைப்படுகிறது? எல்லோருமே இரவில் பல தடவை அரைகுறையாக விழித்து மறுபடி தூங்குகிறோம். மடியில் ஆட்டித் தூங்க வைத்த பிள்ளை, அந்த விழிப்பில் மடியைத் தேடும். இல்லையென்றால் முழுதாக எழுந்துவிடும்.

எனவே அதே அறையில், அதே பாயில், உதவியை மட்டும் குறையுங்கள். ஆட்டுவதற்குப் பதில் தட்டிக் கொடுப்பது, பிறகு கை மட்டும் மேலே வைத்திருப்பது, பிறகு கை படாமல் பக்கத்தில் படுப்பது, பிறகு ஒரு முழம் தள்ளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலைந்து இரவு கொடுங்கள். முதல் சில இரவுகளில் அழுகை கூடும், அது எதிர்பார்க்க வேண்டியதே. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் மடியில் எடுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அதனால் வீட்டில் பாட்டி உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். தேர்வு, கல்யாணம், காய்ச்சல் உள்ள வாரத்தில் வேண்டாம்.

9 மணிக்குப் படுக்க வைத்தால் 11 மணி வரை புரள்கிறான்.

11 மணிக்குத்தான் தூங்குகிறான் என்று குறிப்பு சொன்னால், படுக்க வைக்கும் நேரத்தை 11.30 ஆக்குங்கள். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் பாயில் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடக்கும் பழக்கத்தை இதுதான் முறிக்கும். காலையில் எழுப்பும் நேரத்தை மாற்றக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் 6.30 என்றால் 6.30. அடுத்தடுத்து இரண்டு இரவு 15 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். தூங்கவில்லையென்றால் மறுநாள் 30 நிமிடம் பின்னால். இப்படியே 9.15, 9.30 வரை வரலாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டைமாடியிலோ வாசலிலோ வெளிச்சம் படட்டும்.

வலிப்பு உள்ளவர்களுக்கு இந்த முறையைத் தொடங்கும் முன் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள், தூக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படும்.

மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி, கோலா வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். படுக்க ஒரு மணி நேரம் முன்பு போனை வாங்கி வையுங்கள். கவனக்குறைவு நோய்க்கு (ஏ.டி.எச்.டி.) மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்களுக்கு மதிய வேளை மாத்திரையே இரவுத் தூக்கத்தைத் தள்ளலாம், நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

எடை போர்வை வாங்கலாமா?

ஆட்டிசப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை, சிலருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம் வெயிலுக்கு அது புழுக்கம். தானாக விலக்க முடியாதவர்கள் மேலும் வலிப்பு உள்ளவர்கள் மேலும் போடவே கூடாது. அந்தப் பணத்துக்குக் கனமான ஜன்னல் திரையும், கரண்ட் போனாலும் ஃபேன் ஓட இன்வெர்ட்டர் இணைப்பும் அதிகம் உதவும்.

2 மணிக்கு எழுந்து சிரித்து விளையாடுகிறாள். பகலிலோ தூங்கி வழிகிறாள்.

மரபணுக் காரணத்தைத் தேட இது ஒரு முக்கியத் துப்பு. 17-ஆம் குரோமோசோமில் ஏற்படும் ஸ்மித் மெஜினிஸ் சிண்ட்ரோமில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனின் சுரப்பதே தலைகீழ்: பகலில் அதிகம், இரவில் குறைவு. அதனால் காலையில் அதைத் தடுக்கும் மருந்தும் இரவில் மெலட்டோனினும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏஞ்சல்மேன் சிண்ட்ரோமில் தூக்கம் சுருங்கிவிடும். ரெட் சிண்ட்ரோமில் இரவுச் சிரிப்பும் அலறலும் வரும். சான்ஃபிலிப்போ நோயில் தூக்கம் மோசமாகிக்கொண்டே போகும், முன்பு தெரிந்த பேச்சும் மறையும். முழுப் பார்வையின்மை உள்ளவர்களுக்கு வெளிச்சம் உணராததால் உடல் கடிகாரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

விழித்திருக்கும் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும். இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். மொட்டைமாடிக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டிக்குக் கனமான மூடி, வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி. அவளை அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு நீங்கள் வேறு அறையில் தூங்கக் கூடாது.

மெலட்டோனின் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், டாக்டர் மேற்பார்வையில், மேலே சொன்ன காரணங்களைப் பார்த்த பிறகு. அது தூக்கத்தைத் தொடங்கி வைக்கும், இரவு முழுக்கப் பிடித்து வைக்காது. பிரிட்டனில் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தூங்குவதற்கு எடுக்கும் நேரம் முக்கால் மணி அளவுக்குக் குறைந்தது, மொத்தத் தூக்கம் கூடியதோ சுமார் 20 நிமிடம்தான். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

1 மி.கி.யில் தொடங்கி, படுக்க 30 முதல் 60 நிமிடம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில். பலன் இல்லையென்றால் வாரத்துக்கு 1 மி.கி. கூட்டலாம். பலருக்கு 3 முதல் 6 மி.கி.க்குள் தெரிந்துவிடும். கொடுத்துவிட்டு லைட்டும் டிவியும் எரிந்தால் பலன் போய்விடும். முதலில் நன்றாக வேலை செய்து, சில வாரத்தில் பலன் மறைந்தால் அளவைக் கூட்டாதீர்கள். சிலருக்கு உடம்பு அதை மெதுவாக வெளியேற்றும், பகலிலும் தேங்கி நிற்கும். நிறுத்தி இடைவெளி விட்டு, முன்பைவிடக் குறைந்த அளவில் தொடங்கினால் மறுபடி வேலை செய்யும். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கு மெலட்டோனின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறும்.

கனடாவில் கடை மாத்திரைகளைச் சோதித்தபோது பலவற்றில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. பிராண்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மிட்டாய் மாதிரி வருவதை எட்டாத இடத்தில் வையுங்கள்.

சளி சிரப் கொடுத்தால் தூங்குகிறான். தினமும் கொடுக்கலாமா?

வேண்டாம். சில நாளில் தூக்கம் பழகிப்போய்விடும், அளவு கூடிக்கொண்டே போகும். சிலருக்கு நேர்மாறாகப் பரபரப்பு வரும். கால் உதைப்பை அது கூட்டும், மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. இந்த வகை சிரப் சிலவற்றில் இருக்கும் புரொமெதசின் மருந்தை 2 வயதுக்குக் கீழே தரவே கூடாது.

என் தம்பிக்கு 42 வயது, டவுன் சிண்ட்ரோம். இத்தனை வருஷம் நன்றாகத் தூங்கியவன் இப்போது ராத்திரியில் வீட்டுக்குள் நடக்கிறான்.

புதிதாக வந்த மாற்றம் என்பதால் விரைவில் காட்டுங்கள். இவர்களுக்கு ஞாபக மறதி நோய் (அல்சைமர்) இளம் வயதிலேயே வரும், 40 வயதில் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அதன் தடயங்கள் இருக்கும். ஆனால் அதுதான் என்று முடிவு கட்டும் முன் தைராய்டு, மூச்சடைப்பு, மனச்சோர்வு, பார்வை, காது, சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அம்மா அப்பா இறப்புக்குப் பிறகு தூக்கம் கெடுவதும் உண்டு, அவர்களுக்கும் துக்கம் இருக்கிறது. எந்த மாத்திரை எப்போது தொடங்கியது என்று பட்டியல் எடுத்துப் போங்கள். மனநல மாத்திரையால் எடை கூடி, எடையால் மூச்சடைத்து, தூக்கம் கெட்டு, அதற்கு இன்னொரு மாத்திரை என்று போய்க்கொண்டிருக்கும் பெரியவர்கள் ஏராளம்.

எங்கே காட்டுவது?

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பரிசோதனைச் செலவுக்கு முன் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நானே தூங்கி வருஷமாகிறது.

அது சிகிச்சைத் திட்டத்திலேயே சேர வேண்டிய விஷயம், டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் இருவரும் அரைகுறையாக விழித்திருப்பதைவிட, 10 முதல் 2.30 வரை ஒருவர், 2.30 முதல் 7 வரை ஒருவர் என்று பிரித்துக்கொள்வது மேல். முறை இல்லாதவர் வேறு அறையில், போனை அணைத்துத் தூங்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு இரவாவது ஒரு உறவினரை வரச் சொல்லுங்கள். அவருக்கு மாத்திரை நேரம், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, பிள்ளை எழுந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மனசு தாங்கவில்லை, பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.